சோள பேக்கில் போட்ட இரண்டு முட்டை

மகனே,

இதை நின்றுகொண்டு வாசிக்காதே. உன் அறையில் ஒரு நாற்காலி இருக்கிறதல்லவா, அதில் உட்கார். பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வாசிக்கிற கடிதம் இல்லை இது. போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். போனில் நான் தொண்டையைச் செருமுவதற்குள் நீ "சரிப்பா, சரிப்பா, அப்புறம் எடுக்கிறேம்பா" என்று வைத்துவிடுவாய். நானும் சரி என்று விட்டுவிடுவேன். அந்தச் சரியைப் பற்றித்தான் எழுத வந்திருக்கிறேன். உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பயறு பொறுக்கிக்கொண்டே, "சுத்தி வளைக்காம எழுதுங்க, புள்ள பயந்துறப் போறான்" என்கிறாள். பயப்பட விஷயம் இருக்கிறது. ஆனால் யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. அதை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

போன வாரம் போனில் நீ கேட்டாய், "அந்தச் சோள பேக்கை எப்படிச் செய்றதுன்னு மொதல்ல இருந்து எழுதி அனுப்புங்கப்பா, கல்யாணச் சமையல்காரருக்குக் குடுக்கணும்" என்று. முப்பது வருஷத்துக்கு மேல் தேயிலைத் தோட்டத்துத் துரை பங்களாவில் அடுப்படியில் நின்றவனுக்கு அதை எழுத எவ்வளவு நேரமாகும்? கால் மணி நேரம். நான் நான்கு நாளாக எழுதுகிறேன். கொப்பியில் ஏழு தாளைக் கிழித்துவிட்டேன்.

சரி, எழுதுகிறேன். பேக் என்றால் அவன் அடுப்பில் வைத்துச் சுட்டு எடுப்பது. டின்னில் வருகிற சோளம் வேண்டாம், பாக்கெட் மாவும் வேண்டாம். எட்டுப் பேருக்கு ஆறு கதிர் போதும், அன்று காலையில் ஒடித்ததாக இருக்கவேண்டும். நகத்தால் ஒரு மணியைக் குத்திப் பார். பால் தெறித்தால் சரி. தண்ணீர் வந்தால் பிஞ்சு. ஒன்றும் வராவிட்டால் முற்றல், அதை மாட்டுக்குப் போடு. கதிரை நிமிர்த்திப் பிடித்து மணியைச் சீவி எடு. அதோடு விட்டுவிடுகிறவன் சமையல்காரனே இல்லை. கத்தியின் முதுகால் தக்கையை மேலிருந்து கீழாக வழித்தால் ஒரு கோப்பைக்குப் பால் இறங்கும், ருசி அதில்தான் இருக்கிறது. மணியில் பாதியை அரைத்து, பாதியை முழுசாக விடு. காய்ந்த சோளத்தை வறுத்து மில்லில் அரைத்துச் சலித்த மாவு ஒரு கோப்பை. பட்டர் கால் றாத்தல், உருக்கி ஆறியது. பசும்பால் ஒரு கோப்பை. சீனி இரண்டு கரண்டி, உப்பு, ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடர், விதை எடுத்த பச்சை மிளகாய் இரண்டு. எல்லாவற்றையும் ஒரே பக்கமாகக் கலக்கு. அவன் அடுப்பு இல்லாத வீட்டில் பெரிய சட்டியில் மணல் பரப்பி, தட்டை அதற்குள் இறக்கி, மூடியின் மேலும் தணலைக் கொட்டினால் போதும். முக்கால் மணி நேரத்தில் மேலே பொன்னிறமாக ஆடை கட்டும்.

ஒரு பொருள் விட்டுப்போயிற்று என்று உனக்குத் தெரியும். அந்த இடத்தில்தான் என் கை நான்கு நாளாக நிற்கிறது.

நீ கட்டப்போகிற சுகந்தியின் அம்மா நம் வீடு பார்க்க வந்த அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்துப் பார். அவர் டீச்சர், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வட்டகொடைப் பக்கம் இருபத்தைந்து வருஷம் படிப்பித்தவர். அவர் நம் லயத்து வரிசை வீட்டு வாசலில் கால் வைக்கிறார் என்றதும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பக்கத்து வீட்டு நாற்காலி, அடுத்த லயத்து மேசைவிரிப்பு, எல்லாம் இரவல். "அவங்க கறி மீன் சாப்பிட மாட்டாங்கப்பா" என்று மட்டும் நீ சொல்லியிருந்தாய். பங்களாவில் கறி மீன் வேண்டாம் என்கிற வெள்ளைக்கார விருந்தாளிகளுக்கு நான் முப்பது வருஷமாக வைத்தது சோள பேக்தான். அவர்களுக்கு முட்டை சைவம். என் புத்தியிலும் அப்படியே பதிந்துபோயிற்று. நம் ஆட்கள் வெள்ளிக்கிழமை முட்டையைத் தொடமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியாதா? நம் வீட்டிலேயே தொடுவதில்லையே! ஆனால் அந்தத் தட்டைக் கையில் எடுத்தால் நான் நம் வீட்டு ஆள் இல்லை, பங்களா ஆள். இரண்டு முட்டையை நுரைக்க அடித்து ஊற்றினேன்.

அவர்கள் உட்கார்ந்தார்கள். நான் உட்காரவில்லை. தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு நாற்காலிக்குப் பின்னால் நின்று இடது பக்கமாகப் பரிமாறினேன். உன் அம்மா வந்து என் காதில், "சம்பந்தி மாதிரி உக்காருங்க, அப்பு மாதிரி நிக்காதீங்க" என்று பல்லைக் கடித்தாள். பங்களாச் சமையல்காரனை அப்பு என்றுதானே கூப்பிடுவார்கள், அதைச் சொன்னாள். நான் சிரித்து மழுப்பினேன். அவள் தேத்தண்ணி போட உள்ளே போனாள். அப்போதுதான் டீச்சர் முதல் கரண்டியை வாயில் வைத்தார். கண் விரிந்தது. "அருமையா இருக்கு. இது சைவம்தானே? முட்டை ஒண்டும் போடேல்லைத்தானே?" என்று கேட்டார்.

"ஆமாங்க" என்றேன்.

மகனே, யோசித்துச் சொன்ன பொய் இல்லை அது. சத்தியமாகச் சொல்கிறேன். உட்கார்ந்திருப்பவர் கேட்டார், நின்றுகொண்டிருந்தவன் ஆமாங்க என்றான். அவ்வளவுதான். வார்த்தை வாயைவிட்டுப் போனபிறகுதான் என்ன கேட்டார் என்றே என் மண்டைக்குள் இறங்கியது. அதற்குள் அவர் இரண்டாம் தரம் தட்டை நீட்டினார். நானும் வைத்தேன். வைத்துக்கொண்டிருக்கும்போது சொன்னார், தன் புருஷன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது முருகனுக்கு நேர்த்தி வைத்து மீனையும் முட்டையையும் விட்டதாக. "அவர் போயிட்டார். நான் நேர்த்தியை விடேல்லை. பதினெட்டு வருசம்" என்றார். அதோடு நிறுத்தினாரா? "கலியாணத்தண்டைக்கும் இதைச் செய்விக்க வேணும், எங்கட ஆக்கள் எல்லாரும் சைவம்" என்றார். அதற்கும் என்ன சொன்னேன் என்று உனக்குத் தெரியும்.

இந்த ஆமாங்க எனக்கு எங்கிருந்து வந்தது என்று உனக்குச் சொன்னதில்லை. பங்களாவுக்குப் போன முதல் வாரம், பகல் சாப்பாட்டில் துரை ஏதோ மீன் இருக்கிறதா என்று கேட்டார். நான் "இல்லைங்க" என்றேன். மேசையில் ஆறு பேரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். பிறகு துரைசானி அடுக்களைக்கு வந்து, மேசையில் யாருக்கும் இல்லை என்று சொல்லக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். அதட்டவில்லை, சிரித்தபடிதான் சொன்னார். அன்றிலிருந்து நான் இல்லை என்பதையே மறந்தேன். லயத்துப் பிள்ளைகளெல்லாம் பால் குடிக்கிறார்களா என்று ஒரு விருந்தாளி கேட்டார். ஆமாங்க. உங்கள் வீட்டுக் கூரை ஒழுகுவதில்லையே? ஆமாங்க. அன்றைக்கு நம் வீட்டில் நீ சட்டியை வைத்து மழைத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாய். இதில் கூத்து என்னவென்றால், கல்யாணமாகி நாலைந்து வருஷம் கழித்து ஒருநாள் உன் அம்மா ஆசையாக, "என்னயக் கட்டுனதுல ஒங்களுக்கு சந்தோசந்தானா?" என்று கேட்டாள். நான் கையைக் கட்டிக்கொண்டு "ஆமாங்க" என்றேன். அவள் அகப்பையைத் தூக்கிக்கொண்டு அடிக்க வந்துவிட்டாள்! இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. அதில் சிரிக்க ஒன்றுமில்லை. உனக்கு அப்போது ஐந்து வயது. ஒரு ஞாயிறு, பங்களாவில் பெரிய விருந்து. சோள பேக் அவன் அடுப்புக்குள் இருக்கிறது. பின்கதவில் பக்கத்து வீட்டு அக்கா மூச்சிரைக்க வந்து நின்றாள். "தம்பி, ஒன் மகனுக்குக் காய்ச்சல் ஏறி கைகாலு இழுக்குது, ஓடியாப்பா" என்றாள். நான் துண்டை உதறிவிட்டு ஓடியிருக்க வேண்டும். சாப்பாட்டு அறையிலிருந்து துரைசானி, "யாரு அப்பு? எல்லாம் சரிதானே?" என்று குரல் கொடுத்தார். நல்ல மனுஷி. சொல்லியிருந்தால் தன் காரையே கொடுத்திருப்பார். நான் "ஆமாங்க" என்றேன். அக்காவிடம் கையால் போ போ என்று காட்டினேன். உன் அம்மா உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு கொழுந்து லொறியை மறித்து, கொழுந்து மூட்டைமேல் உட்கார்ந்து ஆஸ்பத்திரிக்குப் போனாள். நான் பங்களாவில் பன்னிரண்டு பேருக்கு இடது பக்கமாகப் பரிமாறினேன். நாலு மணிக்கு மீதியை ஒரு பொட்டலமாகக் கட்டிக்கொண்டு வார்டுக்கு வந்தேன். நீ பிழைத்துக் கிடந்தாய். உன் அம்மா அந்தப் பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை. ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. கேட்டிருந்தால் இவ்வளவு காலம் அது என் நெஞ்சில் கிடந்திருக்காது. நீ பெரியவனானபிறகு அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை என்று உனக்குச் சொல்லி வைத்தோம். லீவு கிடைக்காமல் இல்லை. நான் கேட்கவில்லை. உன்னிடம் அதற்கு மன்னிப்புக் கேட்க இத்தனை வருஷம் எடுத்துக்கொண்டேன், என்னை மன்னித்துவிடு.

முட்டை விஷயத்தை உன் அம்மாவிடம் மூன்று வாரம் மறைத்தேன். நீ போனில் கல்யாணத்துக்குச் சோள பேக் என்று சொன்ன அன்று அவளிடம் உளறிவிட்டேன். அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "முட்டைய ஊத்திப்புட்டு ஆமாங்கன்னா சொன்னீங்க? அந்தம்மா கும்புடுற சாமிக்கு நாம என்னா பதில் சொல்றது?" என்றாள். நான் ஒரு தந்திரம் சொன்னேன்: இனிமேல் முட்டை இல்லாமல் செய்துவிடலாம், கல்யாணத்துக்கும் அப்படியே வைத்துவிடலாம், பழையது யாருக்குத் தெரியப்போகிறது என்று. உடனே அடுப்பை மூட்டினேன். முட்டைக்குப் பதில் தயிர் ஊற்றினேன், நடு அமுங்கி வேகாமல் கிடந்தது. அடுத்தது சோளப் பாலைக் கஞ்சியாகக் காய்ச்சி விட்டேன், களியாகிவிட்டது. மூன்றாம் தரம் கெட்டி எருமைத் தயிரும் கொஞ்சம் கஞ்சியும் சேர்த்து, தணலைக் குறைத்து ஒரு மணி நேரம் வைத்தேன். மேலே கொஞ்சம் வெடித்தது, ஆனால் துண்டு உடையாமல் நின்றது. ருசியும் மோசமில்லை. "பாத்தியா!" என்று அவளிடம் தட்டை நீட்டினேன். அவள் ஒரு விள்ளல் எடுத்துச் சாப்பிட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. இத வச்சு அத மூடிறப் பாக்குறீங்க" என்றாள். கோபம் வந்தது எனக்கு, கத்தினேன். பிறகு முகம் கழுவிச் சட்டையை மாட்டினேன்.

முந்தாநாள் அந்தத் தட்டைத் துணியில் கட்டி மடியில் வைத்துக்கொண்டு நானுஓயாவில் ரயில் ஏறினேன். வட்டகொடையில் இறங்குகிறவரைக்கும் மனசுக்குள் ஒத்திகைதான். இறங்காமல் கொழும்புக்கே உன்னிடம் வந்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. உன் அம்மா வருகிறேன் என்றாள், நான்தான் வேண்டாம் என்றேன். சுகந்தி படிப்பிக்கப் பள்ளிக்கூடம் போயிருந்தது. டீச்சர் "வாங்கோ வாங்கோ, என்ன திடீரெண்டு?" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். நான் உட்கார்ந்தேன், மகனே. நாற்காலி முழுக்க உட்கார்ந்தேன். நின்றால் வாய் திறக்காது என்று எனக்குத் தெரியும்.

"அன்னைக்கு நீங்க சாப்புட்டதுல முட்டை இருந்துச்சுங்க" என்றேன். "நீங்க கேட்டப்ப நான் பொய் சொல்லிட்டேன்."

அவர் எழுந்து உள்ளே போனார். குழாயடியில் வாய் கொப்பளிக்கிற சத்தம் கேட்டது. ஒரு தரம் இல்லை, நாலைந்து தரம். மூன்று வாரத்துக்கு முந்தைய முட்டைக்கு இன்றைக்கு வாய் கொப்பளிக்கிறாரே என்று நினைத்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. எழுந்து ஓடிவிடலாம் போல் இருந்தது. உட்கார்ந்தே இருந்தேன். திரும்பி வந்து என் எதிரில் உட்கார்ந்தார்.

"எத்தினை முட்டை?"

"ரெண்டுங்க."

"நான் ரெண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டனான்." அதற்குமேல் அவர் ஏசவில்லை. ஏசியிருக்கலாம். கொஞ்ச நேரம் சுவரில் மாட்டியிருக்கிற தன் புருஷனின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார், "உங்கட மகனுக்கு இது தெரியுமோ?"

என் நிலைமையை யோசித்துப் பார். "தெரியாதுங்க" என்று ஒரு வார்த்தை போதும். பழி முழுக்க என் தலையோடு போகும், உன் கல்யாணம் பிழைக்கும். வார்த்தை நாக்கு நுனிக்கே வந்துவிட்டது. ஆனால் தீபாவளிக்குத் தீபாவளி நம் வீட்டில் சோள பேக் செய்யும்போது முட்டை உடைத்துத் தந்தது நீதான். ஓட்டுத் துண்டு ஒன்றுகூட விழாமல் உடைப்பாய். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் ஆமாங்க என்றபோது நீ தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாய். பிறகு உன் தட்டைப் பார்த்தாய். உன் கண்ணை நான் பார்த்தேன். அப்பா இன்றைக்கு முட்டை போடாமல் செய்திருப்பார் என்று நம்பித்தான் தலையைக் குனிந்தாயோ? அப்படியானால் உன்னைச் சந்தேகப்பட்ட பாவமும் எனக்குச் சேரட்டும். இல்லை, தெரிந்தே குனிந்தாயோ? மூன்று வாரமாக என் தூக்கத்தைக் கெடுத்தது டீச்சரின் நேர்த்திகூட இல்லை. இதுதான். என் கூரை ஒழுகினது உனக்கு வந்தது, என் ஏழ்மை உனக்கு வந்தது, போகட்டும். இந்த வியாதியுமா உனக்கு வந்திருக்கிறது என்றுதான் பதறுகிறேன்.

"அவன்கிட்டயே கேளுங்க டீச்சர்" என்றேன்.

"கேக்கத்தான் போறன். சனிக்கிழமை இஞ்ச வருவார்தானே. அவற்ற பதிலைக் கேட்டுட்டுத்தான் மிச்சம்" என்றார். மிச்சம் என்று அவர் சொன்னது என்னை உலுக்கிவிட்டது. மண்டபம் பேசியாயிற்று, சுகந்திக்குக் கூறைச் சேலை எடுத்தாயிற்று. இதெல்லாம் இப்போது உன் ஒரு பதிலில் நிற்கிறது. அவர் கேட்கப்போவதை உனக்கு எழுதுவேன் என்று அவரிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். ஒளித்து எழுதவில்லை. "எழுதுங்கோ. ஆனா பதிலை எழுதிக் குடுக்காதேங்கோ" என்றார். டீச்சரல்லவா!

அதனால் எழுதிக் கொடுக்கமாட்டேன். உன் அம்மா பயறுத் தட்டை வைத்துவிட்டு, "தெரியாதுன்னு சொல்லச் சொல்லி ஒரு வரி எழுதிருங்களேன்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு சொல்கிறாள். இவ்வளவு நாள் என்னைத் திட்டியவள், பிள்ளை என்றதும் ஆடிப்போய்விட்டாள். எனக்கு மட்டும் ஆசை இல்லையா? சுகந்தி மாதிரி ஒரு பெண் நம் வீட்டுக்கு வரவேண்டும் என்று நான் எந்தச் சாமியைக் கும்பிடவில்லை? எழுதினால் அதுவும் ஒரு ஆமாங்கதான், மகனே. நாளைக்கு அந்தப் பெண் உன்னிடம் ஆயிரம் கேட்கும். களைப்பா, கோபமா, நான் செய்தது பிடிக்கவில்லையா என்று கேட்கும். இன்றைக்குத் தாய்க்குச் சொல்லப் பழகியதைத்தான் நாளைக்கு மகளுக்கும் சொல்வாய்.

நான் கொண்டுபோன தட்டை அவர் திறக்கவில்லை. மேலே இன்னொரு தட்டைக் கவிழ்த்து மூடி வைத்தார். நானும் பதற்றத்தில் அதை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன். சாப்பிட்டாரா, கொட்டினாரா தெரியாது. வரும்போது அதை வாங்கிக்கொண்டு வா. சமையல்காரருக்கு எழுத வேண்டியதையும் முடித்துவிடுகிறேன்: முட்டை வேண்டாம், அரைக் கோப்பை எருமைத் தயிர், ஒரு மணி நேரம். கல்யாணம் இருந்தால் கொடு.

வாசலில் செருப்பைக் கழற்றி விட்டு உள்ளே போ. டீச்சர் நாற்காலி போடுவார். அவர் கேட்கும்போது எழுந்து நிற்காதே. உட்கார்ந்து பதில் சொல்.

உன் அப்பா